பேரரசருக்குக் கடன் கொடுத்தவர்

ப்ராக் கோட்டைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் புனித வீட்டஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கத்தான் முதலில் விரைகிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது குதிரை லாயம். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தன் குதிரைகளைக் கட்டிய இடம் இப்போது ஓவியக்கூடமாக இருக்கிறது. அவர் சேர்த்து வைத்திருந்த பெருங்குவியலில் மிஞ்சிய சிலவற்றை அங்கே மாட்டியிருக்கிறார்கள். மீதியை 1648இல் ஸ்வீடன் படை வாரிக்கொண்டு போய்விட்டது. காய்களும் கனிகளும் சேர்ந்து ருடால்ஃபின் முகமாகத் தெரியும்படி ஆர்ச்சிம்போல்தோ வரைந்த படம் இன்றும் ஸ்வீடனில்தான் இருக்கிறது.

ருடால்ஃப் 1583இல் வியன்னாவை விட்டுத் தன் அரசவையோடு இங்கே குடியேறினார். ஓவியம், கடிகாரம், மணிக்கல், வானியல், ரசவாதம் என்று அவருடைய மோகங்களுக்கு அளவில்லை. டைகோ பிராஹேயும் கெப்ளரும் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவர்கள். சம்பளம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். கெப்ளர் தனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டு அலைந்தே வாழ்நாளைக் கழித்தார். அதுவும் போதாதென்று 1593இல் துருக்கிய சுல்தானோடு போர் மூண்டது. அது 1606 வரை நீண்டது. வரி போடும் உரிமை நாட்டின் பிரபுக்கள் கூடும் சபையிடம் இருந்தது. அவர்கள் கூடி, பேசி, பேரம் முடித்துப் பணம் வந்துசேரும்வரை படைவீரன் கூலிக்குக் காத்திருக்க மாட்டான். ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர் குடும்பத்தைப் போன்ற கிறிஸ்தவ வங்கியாளர்களோ, ருடால்ஃபின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஸ்பெயின் கிளை 1557, 1575, 1596 என்று அடுத்தடுத்துத் திவாலானதில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோட்டை மதிலில் சாய்ந்து பார்த்தால் வ்ல்தாவா நதி தெரியும். நதியின் வளைவுக்கு அப்பால், கூரைகளின் நெரிசலில் ஒரு சிறு பகுதிதான் பழைய யூதர் பேட்டை. ருடால்ஃபுக்கு வேண்டிய பணம் அங்கே ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் பெயர் மொர்தெகாய் மைசல். 1528இல் அந்தப் பேட்டையிலேயே பிறந்தவர். நான் இறங்கிப் போனது அவரைத் தேடித்தான்.

வழியில் சார்லஸ் பாலம். முப்பது சிலைகள், அவற்றைவிடப் பல மடங்கு கேமராக்கள். பாலத்தில் நிற்கும் சிலுவையைச் சுற்றிப் பொன்னெழுத்தில் ஹீப்ரூ வாசகம் ஒன்று மின்னுகிறது. இறைவனின் புனிதத்தை மும்முறை சொல்லும் யூதத் துதி அது. 1696இல் எலியாஸ் பாக்கோஃபன் என்ற யூதர் சிலுவையை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவரிடம் வசூலித்த அபராதத்தில் இந்த எழுத்துகளைச் செய்து பதித்தார்கள். நகரத்தின் பிரதான பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு யூதரும் தன் வேதத்தின் சொற்களைச் சிலுவையின் மேல் வாசித்துக்கொண்டே போகவேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது கீழே விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் பலகையைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு.

பாலம் தாண்டி, பழைய நகரச் சதுக்கத்தின் ஓரமாக நடந்தால் காஃப்கா 1883இல் பிறந்த வீடு இருந்த இடம் வரும். அந்த மூலையில் தொடங்குகிறது மைசல் தெரு. இந்தப் பகுதிக்கு யோசெஃபோவ் என்று பெயர். யூதர்கள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பேரரசர் இரண்டாம் யோசெஃபின் நினைவாக வைத்தது. சுவரும் வாசல்களுமாக அடைபட்டிருந்த பேட்டையை இன்று தேடினால் கிடைக்காது. 1893இல் ஒரு சட்டம் போட்டு, சுகாதாரம் என்ற பெயரில் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். பக்கத்திலேயே அகலமாகப் போகும் பாரிஸ் தெரு அந்த இடிபாட்டின் மேல் போட்டது. கைப்பைக்கும் கைக்கடிகாரத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இடிப்பிலிருந்து தப்பியவை சில ஜெபாலயங்கள், ஒரு நகர மன்றம், ஒரு கல்லறைத் தோட்டம். தப்பியவற்றுள் பெரும்பகுதியில் மைசலின் பணம் இருக்கிறது.

நகர மன்றத்திலிருந்தே தொடங்கலாம். 1586இல் மைசலின் செலவில் எழுந்தது. வெளிமுகப்பு பிற்காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், மாற்றியமைத்தது. கோபுரத்துக்குக் கீழே இருக்கும் கடிகாரமும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததே. அதில் எண்களுக்குப் பதில் ஹீப்ரூ எழுத்துகள். அந்த எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போவதால் முட்களும் இடப்பக்கமாகச் சுற்றுகின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் குடையைத் தூக்கி அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. ப்ராக் யூத சமூகத்தின் அலுவலகம் இன்னும் இந்தக் கட்டடத்தில்தான் நடக்கிறது. என்ன காரியத்துக்காகக் கட்டினாரோ அதே காரியத்துக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஒட்டினாற்போல் நிற்கும் உயர் ஜெபாலயமும் 1568இல் அவர் பணத்தில் கட்டியதுதான். அவற்றுக்கு எதிரே கூர்ச்சுவரோடு நிற்கும் பழைய-புதிய ஜெபாலயம் மட்டும் அவரைவிட ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு மூத்தது.

அந்த ஜெபாலயத்துக்குள் போகப் படியிறங்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து காலப்போக்கில் தெருவின் மட்டத்தை உயர்த்திவிட்டார்கள். பேட்டையின் சேற்றுத் தெருக்களுக்கு முதன்முதலில் கல் பாவியவர் மைசல் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் தாவீத் கான்ஸ் எழுதிவைத்தார். அந்தக் கற்கள் இப்போது நம் கால்களுக்கு வெகு கீழே.

பணம் எப்படி வந்தது? யூதர் நிலம் வாங்க முடியாது. கைவினைச் சங்கங்களில் சேர முடியாது. வட்டிக்குக் கடன் தருவதைத் திருச்சபை நெடுங்காலம் கிறிஸ்தவர்களுக்குத் தடுத்துவந்ததால், ஃபுக்கர்களைப் போன்ற சிலர் அதில் இருந்தாலும், அந்த வாசல் யூதர்களுக்குத் திறந்திருந்தது. அதுவும் அரைக்கதவு. அடகுப் பொருள் பிடித்துக்கொண்டு கடன் கொடுக்கலாம். வெள்ளிக் கிண்ணம், பட்டு அங்கி, மோதிரம் என்று சில்லறை வியாபாரம். மைசல் இதில் நின்றுவிடவில்லை. விலையுயர்ந்த பொருள்களில் வணிகம் செய்தார், பேரரசரின் சேகரிப்புக்கும் அரிய பொருள்களைத் தருவித்துக் கொடுத்தார். பேரரசருக்குப் போர்க்கடனும் கொடுத்தார். அதற்குப் பதிலாக 1590களின் தொடக்கத்தில் ருடால்ஃபிடமிருந்து அவர் பெற்ற உரிமைதான் அவரைச் சாதாரண அடகுக்காரரிலிருந்து வங்கியாளராக்கியது. புரோநோட்டின் பேரிலும் நிலத்தின் பேரிலும் அவர் கடன் தரலாம். ப்ராகைச் சூழ்ந்த போஹீமிய நாட்டுப் பிரபுக்களின் எஸ்டேட்டுகள் பதிவேட்டில் அவர் பெயருக்கு ஈடாக ஏறின. சொந்தமாக நிலம் வாங்க முடியாத ஒருவருடைய பெட்டியில் பிரபுக்களின் நிலம் காகிதமாகக் கிடந்தது.

பேரரசர் கடன் கேட்டால் மறுக்கவும் முடியாது. யூதர்கள் அரச கருவூலத்தின் உடைமை என்பது மத்திய ஐரோப்பாவின் பழைய சட்டக் கொள்கை. போஹீமிய மன்னர் இரண்டாம் ஒட்டாகர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் யூதர்களுக்குத் தந்த சாசனமே அந்த அடிப்படையில் எழுந்ததுதான். அவர்களை அடித்தால் அரசன் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு அபராதம். பாதுகாப்பு என்று அதைப் படிக்கலாம். உடைமை என்றும் படிக்கலாம். மைசல் சிறுவனாக இருந்தபோது, 1541இல், மன்னர் முதலாம் ஃபெர்டினாண்ட் யூதர்களைப் போஹீமியாவிலிருந்து வெளியேறச் சொன்னார். 1551இல் உடையில் மஞ்சள் வட்டம் தைக்கச் சொன்னார். 1557இல் மறுபடியும் வெளியேற்ற ஆணை. இருபத்தொன்பது வயதுக்குள் தன் ஊரை விட்டுப் போகும்படி இரண்டு முறை கேட்டுவிட்ட மனிதர், பிற்பாடு ஒவ்வொரு உரிமையையும் முத்திரையோடு எழுதி வாங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தெருவின் மறுகோடியில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது மைசல் ஜெபாலயம். 1592இல் சிம்ஹத் தோரா திருநாளன்று திறந்தது. வேத வாசிப்பின் ஓராண்டுச் சுற்று முடிந்து, தோராச் சுருளைச் சுமந்து ஆடிப்பாடும் நாள் அது. பேட்டையிலேயே பெரிய, ஆடம்பரமான கட்டடமாக அன்று அது இருந்தது. 1689இன் பெருந்தீ அதைத் தின்றது. பிறகு கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அதையும் திருத்திக் கூர்மாடங்களோடு புதுக் கோதிக் பாணிக்கு மாற்றினார்கள். ஆகவே நாம் பார்க்கும் முகப்பில் மைசலின் கண் பட்ட எதுவும் கிடையாது. உள்ளே போஹீமிய, மொராவிய யூதர் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

நாஜி ஆட்சியின்போது இந்தக் கட்டடம் கிடங்காக இருந்தது. நாடு கடத்தி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட யூதர்களின் உடைமைகளை இங்கேதான் அடுக்கினார்கள். அடுத்த தெருவில் இருக்கும் பிங்கஸ் ஜெபாலயத்தின் சுவர்களில் அவர்களில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரின் பெயர்களைக் கையால் எழுதிவைத்திருக்கிறார்கள். மைசலின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கிடங்குச் செய்தி இன்னும் கனமாக இருக்கும். பறிமுதல் என்பதை இந்தப் பெயர் முன்பே ஒரு முறை பார்த்திருந்தது.

அந்தக் கதை இப்படி. மைசலுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையில்லாத யூதரின் சொத்து கருவூலத்துக்குப் போகலாம் என்ற ஆபத்து அவருக்குத் தெரியும். 1598இல் தன் சொத்தை விருப்பப்படி உயில் எழுதும் உரிமையை ருடால்ஃபிடமே எழுதி வாங்கினார். 1601 மார்ச் 13ஆம் தேதி இறந்தார். அடுத்து நடந்ததை நமக்குச் சொல்வது ஃபுக்கர் வங்கிக் குடும்பத்துக்கு ப்ராகிலிருந்து போன ஒரு செய்திக் கடிதம். ஐரோப்பா முழுவதிலுமிருந்து இப்படிக் கடிதங்களை வரவழைத்துப் படித்தார்கள் அவர்கள். ஒரு வங்கியாளரின் சொத்துக்கு என்ன ஆனது என்பதை இன்னொரு வங்கிக் குடும்பம் எவ்வளவு கவனமாக வாசித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மைசல் பேரரசருக்கென்று 10,000 குல்டன் விட்டுச்சென்றார். கிறிஸ்தவ, யூத ஏழைகளின் மருத்துவத்துக்கும் பணம் ஒதுக்கினார். ஆயினும் அவர் இறந்ததை அடுத்து வந்த சனிக்கிழமை, யூதர்கள் பணத்தையோ பேனாவையோ தொடக்கூடாத ஓய்வுநாளில், போஹீமியக் கருவூலத்தின் தலைவர் ஸ்டெர்ன்பெர்க் பிரபு ஆள்களோடு வீட்டுக்குள் புகுந்தார். மைசலின் மனைவி எதிர்ப்பே காட்டவில்லை. நல்ல பகுதியை முன்பே ஒளித்துவைத்துவிட்டார் என்று கடிதம் எழுதியவர் சொல்கிறார். அந்த அம்மாளின் முன்யோசனையை எண்ணி நான் புன்னகைத்தேன். அன்று கிடைத்த ரொக்கம் மட்டும் 45,000 குல்டன். வெள்ளிப் பாத்திரங்கள், நகைகள், துணிகள், புரோநோட்டுகள் தனி. மனைவியும் மைசலின் சகோதரர் மகன்களும் முறையிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஓர் இரவில் மறுபடியும் வீட்டை உடைத்துப் புகுந்தார்கள். சகோதரர் மகன்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். ஒளித்துவைத்த இடம் வெளியே வந்தது. இரண்டு முறையும் சேர்த்து 5,16,250 குல்டன் என்று கணக்குச் சொல்கிறது கடிதம்.

பறிபோனதில் புரோநோட்டுகளும் இருந்தன என்பதுதான் இதில் என்னை நிறுத்திய இடம். மைசலுக்குக் கடன்பட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பேரரசருக்குக் கடன்பட்டவர்கள் ஆனார்கள். பேரரசர் தானே மைசலுக்குப் பட்டிருந்த கடனைத் தானே அடைத்துக்கொண்டார். கடன் வாங்கியவரே நீதிபதி. உயில் எழுத அனுமதித்து முத்திரையிட்டவரும் அவர், அந்த உயிலைச் செல்லாததாக்கியவரும் அவர். வாரிசுகளும் சமூகமும் கருவூலமும் பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள். மைசல் இறந்த மறுவருடம், 1602இல், ருடால்ஃப் தனக்கென்று ஒரு கிரீடம் செய்துகொண்டார். மணிக்கற்களும் முத்தும் இழைத்த அந்தக் கிரீடம் இன்று வியன்னாவின் கருவூலக் காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவே.

ப்ராகில் பிறந்த எழுத்தாளர் லியோ பெருட்ஸ் 1953இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் மைசல் வருகிறார். அங்கே அவருடைய மனைவியும் பேரரசரும் கனவில் காதலிக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் மைசல் தன் சொத்தையெல்லாம் தானமாகக் கரைத்து, பேரரசருக்கு எதுவும் கிடைக்காதபடி செத்துப்போகிறார். வரலாறு தராத பழியை நாவலாசிரியர் எடுத்துக் கொடுத்தார். ஆனால் காதல் கலப்படத்தை நீக்கிவிட்டால் பெருட்ஸ் சொன்னதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். மைசல் உயிரோடிருக்கும்போது கொடுத்தது எதுவும் பறிபோகவில்லை. மன்றம், ஜெபாலயங்கள், மருத்துவமனை, நீராட்டுத் துறை, தெருக்கல், ஏழைப் பெண்களின் சீர்வரிசை, தீயில் நொந்த போஸ்னான் நகர யூதர்களுக்கு உதவி. இதையெல்லாம் பக்தி என்று மட்டும் சொல்வது அவருடைய மூளையைக் குறைத்து மதிப்பிடுவதாகும். தனி மனிதரின் பெட்டியை உடைக்கும் பேரரசர், ஒரு சமூகத்தின் கல்லறையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கும்.

கல்லறைக்கு வந்துவிட்டோம். ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் கற்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, புதைந்து, முட்டிக்கொண்டு நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439ஐச் சேர்ந்தது. கடைசி அடக்கம் 1787. பேட்டைக்கு வெளியே இடம் இல்லாததால் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். கீழே புதைந்தவர்களின் கற்களைப் பிடுங்கி மேலே நட்டார்கள். இடம் போதாமல் மைசல் பக்கத்துத் தோட்டம் ஒன்றை வாங்கிக் கல்லறையோடு சேர்த்தார். அவருடைய கல்லும் இங்கேதான் நிற்கிறது. அதில் செதுக்கிய நீண்ட ஹீப்ரூ வாசகம் அவர் கட்டியவற்றையும் கொடுத்தவற்றையும் சொல்கிறது.

கூட்டம் முழுவதும் சற்றுத் தள்ளி யூத மதகுருவான ரப்பி லோவின் கல்லறையைச் சூழ்ந்திருந்தது. 1609இல் இறந்த பேரறிஞர். களிமண்ணில் கோலெம் என்ற பூதத்தைச் செய்து உயிர் கொடுத்தார் என்று, அவர் இறந்து வெகுகாலம் கழித்துக் கிளம்பிய கதையால் உலகப் புகழ் பெற்றவர். கல்லிடுக்குகளில் வேண்டுதல் எழுதிய துண்டுக் காகிதங்கள். மேலே கூழாங்கற்கள். யோசெஃபோவில் கோலெம் பொம்மை விற்காத கடையைக் காண்பது அரிது. அந்த ரப்பி பாடம் நடத்திய கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் மைசல் என்பதைச் சொல்ல யாருக்கும் அவகாசம் இல்லை. ரப்பியை 1592இல் ருடால்ஃப் கோட்டைக்கு அழைத்து நேரில் பேசினார். அதைப் பதிவு செய்தவரும் தாவீத் கான்ஸ்தான். அவரும் இங்கேயே உறங்குகிறார்.

வீட்டின் வடிவத்தில், சிங்கங்கள் காவல் காக்கும் இன்னொரு சமாதி இதே தோட்டத்தில் இருக்கிறது. 1628இல் இறந்த ஹெண்டல் பஸ்ஸெவி அம்மாளுடையது. ஓர் அரசியின் சமாதியைப் போல இருக்கும். அவருடைய கணவர் யாக்கோப் பஸ்ஸெவி, மைசலுக்கு அடுத்த தலைமுறையின் பெருந்தனக்காரர். அவர் கதையைக் கேட்க மறுபடி ஆற்றைத் தாண்டி வாலன்ஸ்டைன் மாளிகைக்குப் போகவேண்டும். இன்று செக் நாட்டின் செனட் அங்கே கூடுகிறது. தோட்டத்தில் மயில்கள் உலவுகின்றன.

இருபதுக்கு மேற்பட்ட வீடுகளை இடித்து இந்த மாளிகையை எழுப்பியவர் படைத்தலைவர் வாலன்ஸ்டைன். 1622இல் அவரும் இளவரசர் லீக்டன்ஸ்டைனும் வங்கியாளர் ஹான்ஸ் டெ விட்டேயும் பஸ்ஸெவியும் கூட்டுச் சேர்ந்து, பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டிடம் நாணயம் அடிக்கும் குத்தகையை எடுத்தார்கள். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு, பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற பிரபுக்களின் நிலங்கள் சல்லிசாகக் கைமாறின. 1623இன் இறுதியில் நாணயத்தின் மதிப்பை அரசே தரைமட்டத்துக்கு இறக்கியது. ஏழைகள் ஒழிந்தார்கள். பிரபுக்கள் மாளிகை கட்டினார்கள். பழி பஸ்ஸெவிக்கு வந்தது. அதே 1622இல் அவருக்கு ‘வான் ட்ராய்யன்பெர்க்’ என்று பிரபுப் பட்டமும் கிடைத்திருந்தது. இத்தாலிக்கு வெளியே இப்பேரரசில் அந்தக் கௌரவம் பெற்ற முதல் யூதர் அவர். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. அவருக்குக் காவலாக நின்ற லீக்டன்ஸ்டைன் இறந்தபின் 1631இல் அவரைச் சிறை வைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்து வாலன்ஸ்டைனின் நிழலில் ஒதுங்கினார். 1634இல் வாலன்ஸ்டைனைப் பேரரசரின் ஆள்களே குத்திக் கொன்றார்கள். பஸ்ஸெவியும் அதே ஆண்டு, மனைவியின் சமாதிக்குப் பக்கத்தில் அடங்கும் வாய்ப்பில்லாமல், வேற்றூரில் இறந்தார்.

மைசலைப் போல் பஸ்ஸெவியை என்னால் முழு மனதோடு விரும்ப முடியவில்லை. செம்புக் காசால் பட்டினி கிடந்தவர்களில் பேட்டையின் ஏழைகளும் உண்டு. ஆனால் கூட்டாளிகளில் ஒருவருக்கு மாளிகை, ஒருவருக்குச் சிற்றரசு, இன்னொருவருக்குச் சிறை என்று பங்கு பிரிந்த விதத்தில் யூதருக்கு எது வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. வியன்னாவிலும் இதுவேதான் நடந்தது. துருக்கியரையும் பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்த படைகளுக்குத் தானியமும் தோட்டாவும் கொடுத்த சாமுவேல் ஓப்பன்ஹைமர் 1703இல் இறந்ததும், அவருக்குத் தரவேண்டிய பல லட்சங்களை அரசு மறுத்தது. எங்களுக்குத்தான் அவர் பாக்கி என்று திருப்பியும் கேட்டது. அவருடைய நிறுவனம் திவாலாயிற்று.

ப்ராகுக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் கோலெம் பொம்மைக் கடைகளைத் தாண்டி மைசல் தெருவில் அரை நாளாவது நடக்கவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் ரப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் மைசலின் கல்லையும் கேட்டுத் தேடிப் பாருங்கள். சனிக்கிழமை மட்டும் போகவேண்டாம். அன்று ஓய்வுநாள், எல்லாவற்றையும் மூடியிருப்பார்கள்.